மூணு வட்டமும் பலாத்தழையும்

நெய்வேலி,
புரட்டாசி 4, சனிக்கிழமை.

அன்புத் தோழி, கணக்கு டீச்சரம்மா வெண்மதிக்கு உன் கொடி எழுதுறது.

இங்க நான், எங்க வூட்டுக்காரரு, பதினோரு ஆடு, ஆறு கோழி எல்லாரும் முருகன் புண்ணியத்துல நல்லா இருக்கோம். அங்க கவுகாத்தியில நீயும் சுதாகர் அண்ணனும் எப்படி இருக்கீங்க? அண்ணனுக்கு முட்டிவலி தேவலாமா? நீ சமைக்கிறதை இத்தனை வருஷமா சாப்பிட்டுக்கினு நடமாடறாருன்னா அவரு உடம்பு இரும்பு உடம்புதான். முட்டி மட்டும் எப்படி வலிக்குதுன்னு எனக்குப் புரியல.

கவரைப் பாத்ததும் பயந்திருப்ப. போன் இருக்கறப்ப இவ எதுக்குக் கடுதாசி போடறா, அதுவும் இவ்வளவு தடியான கவர்லன்னு. போன்ல நாலு வாட்டி கூப்புட்டேன் மதி. நீ ஹலோன்னு சொன்ன உடனே எனக்கு சிரிப்பு வந்துடுது. உன்னை வம்புக்கு இழுத்து, நாலு திட்டு வாங்கிக்கினு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே வச்சுடறேன். என் வாய் அப்படி. கை அப்படி இல்ல. எழுதினா சிரிப்பு வராது, விரல்தான் வலிக்கும். அதான் பக்கத்து வூட்டு காந்திமதி மவ சத்யப்பிரியா கிட்ட கெஞ்சி நோட்டுல இருந்து தாள் கிழிச்சு வாங்கிக்கினு உக்காந்திருக்கேன். அஞ்சாவதோட நின்னுபோன கையெழுத்து. சிவப்புப் பேனாவை எடுக்காம படி.

மொதல்ல ஊர்க்கதை. இன்னிக்குப் புரட்டாசி சனி. ஊரே நெத்தியில நாமம் போட்டுக்கினு கறிக்கடைப் பக்கம் தலை வச்சுப் படுக்காம இருக்கு. இந்த மாசம் என் ஆடுங்க நடக்கற நடையை நீ பாக்கணும். பர்மனன்ட் ஆயிட்ட மாதிரி நடக்குதுங்க. எங்க வூட்டுக்காரரு துரைராஜுதான் இன்னும் கான்ட்ராக்ட்டு. மைன்ஸ்ல ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு வந்து ஆடுங்களைப் பாத்து, உங்களுக்கு வந்த வாழ்வைப் பாருன்னு சொல்லிட்டுப் படுக்கறாரு.

நேத்து டவுன்ஷிப்புக்குள்ள போயிருந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கினு உங்க பழைய குவார்ட்டர்ஸ் வழியாத்தான் வந்தேன். வேணும்னே வந்தேன். போன வருஷம் நீயும் நானும் அந்தக் கதவைத் தட்டி, தாகமா இருக்கும்மான்னு சொல்லி, தண்ணி குடிச்சுக்கினே உள்ள எட்டி எட்டிப் பாத்தோமே, ஞாபகம் இருக்கா? பாவம், அந்த வூட்டுப் பொண்ணு ரெண்டு சொம்பு குடுத்தா. நீ மூணாவது சொம்பும் கேட்ட. சமையக்கட்டு ஜன்னலை மாத்திட்டாங்களான்னு பாக்கணும் உனக்கு. உங்க அப்பா ரிடையர் ஆகி சாவியை ஒப்படைச்ச அன்னிக்கு, லாரியில கட்டில் மேல உக்காந்துகினு போனவ நீ. டவுன்ஷிப்புல பொறந்தவங்களுக்கு ஊரு உண்டு, வூடு கிடையாதுன்னு தண்ணி குடிச்சிட்டு வந்து பஸ் ஸ்டாப்புல நின்னு அழுத. நானும் அழுதேன். உனக்கு என்னடின்னு கேட்ட. மூணு சொம்புத் தண்ணி, அவசரமா வருதுடின்னேன். அழுதுகினே சிரிச்ச. இப்ப சொல்றேன், அவசரம் ஒண்ணும் இல்ல.

அந்தத் தெருமுனையில நம்ம பள்ளிக்கூடம் அப்படியே இருக்கு. பெயின்ட் மட்டும் புதுசு. எங்க அம்மா உங்க வூட்ல பாத்திரம் தேய்ச்சதும், உங்க அப்பா சொல்லி என்னை உன்கூட அங்க சேத்துவிட்டதும் நெனைச்சுக்கினு கேட்டுக்கிட்ட நின்னேன். வாட்ச்மேன் யாரைப் பாக்கணும்னு கேட்டாரு. மூணாவது வகுப்புப் பொண்ணு ஒருத்தியைன்னு சொன்னேன். பேரு கேட்டாரு. பொற்கொடின்னேன். பாவம், உள்ள போய்த் தேடப் பாத்தாரு. நான் சைக்கிளை எடுத்துக்கினு கிளம்பிட்டேன்.

மூணாவது படிக்கறப்ப டாக்டர் வந்து எடை பாத்தாரே, அதை நீ மறந்திருக்க மாட்ட. எடை கம்மியா இருக்கற பிள்ளைங்களுக்குத் தெனம் சத்துமாவு உருண்டை, ஆனா தனி ரூம்புல தனி டீச்சர் கிட்ட உக்காரணும். என் ஓலைக்குச்சி உடம்புக்கு அந்த ரூம்புதான்னு வகுப்புக்கே தெரியும். நீ என்ன பண்ண? மைதானத்துல கூழாங்கல்லு பொறுக்கி, என் பாவாடை இடுப்பைச் சுருட்டிச் சுருட்டி உள்ள சொருகின. மூச்சு விடாம ஏறி நில்லுன்ன. டாக்டரு என்னைப் பாத்தாரு, தராசு முள்ளைப் பாத்தாரு, திரும்ப என்னைப் பாத்தாரு. இந்தப் பொண்ணுக்கு எலும்பு கனம் போலன்னு எழுதிக்கினு போயிட்டாரு. நான் உன் பக்கத்துலயே உக்காந்தேன், சத்துமாவு போச்சு. அந்த உருண்டைக்கு இன்னி வரைக்கும் உன்மேல எனக்கு ஒரு கோவம் உண்டு.

ஆடு கத்துது. மீதி நாளைக்கு எழுதறேன்.

ஞாயித்துக்கிழமை.

நேத்து எழுதினதைப் படிச்சுப் பாத்தேன். எல்லாம் பழங்கதையா இருக்கு, விஷயத்துக்கு வரவே இல்ல. எனக்கு வர மனசில்ல, அதான். இன்னிக்கு வந்துடறேன்.

போன வருஷம் சித்திரையில, இருபத்தெட்டு வருஷம் கழிச்சு, தோள்ல ஒரு பை, கையில மண்ணு தோண்டற இரும்புக் குழாயோட நீ வந்து எறங்கின. கல்லூரியில பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தது போதாதுன்னு, இந்த வயசுல டாக்டர் பட்டம் வாங்கப் போறேன்ன. ஊசி போடுவியான்னு கேட்டேன். உங்க ஊரு மேட்டுல பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகை இருந்துச்சே, இப்ப அங்க ஆடு மேயுதான்னு நீ கேட்ட. மேயாம சினிமாவா பாக்கும்னு சொன்னேன்.

அந்தக் கொட்டகையை நடத்தினவன் எந்த ஊருக்காரன்னு இன்னிவரைக்கும் எங்களுக்குத் தெரியாது. லாரி லாரியா பழைய பேட்டரி வந்துச்சு, உடைச்சான், ஈயத்தை உருக்கினான், ஒருநாள் கூரைத் தகடு முதக்கொண்டு கழட்டிக்கினு போயிட்டான். அப்புறம் மழை பேஞ்சுது, புல்லு மொளைச்சுது, ஒன்பது வருஷமா எல்லாரு ஆடும் அங்கதான். அந்த மண்ணுல கிடக்கற ஈயம் புல்லையும் ஆட்டையும் என்ன பண்ணுதுன்னு கணக்கால சொல்லணும், அதான் உன் ஆராய்ச்சி.

மொத நாளே கோலமாவு எடுத்து வாசல்ல மூணு வட்டம் போட்ட. ஒண்ணுல மண்ணு, ஒண்ணுல புல்லு, ஒண்ணுல ஆடு. மண்ணுல இருக்கற ஈயம் புல்லுக்கு ஏறும், புல்லு வளர்றது குறையும். அதைத் தின்ன ஆட்டு உடம்புக்கு ஈயம் போகும், ஆடு எளைக்கும், குட்டி கம்மியாவும். ஆடு கம்மியானா திங்க ஆளில்லாம புல்லு திரும்ப மண்டும். கொஞ்சம் ஈயம் புழுக்கையோட மண்ணுக்கே திரும்பிடும். இப்படி அம்புக்குறியாப் போட்டுக்கினே போன. இன்னிக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சா பத்து வருஷம் கழிச்சு எவ்வளவுன்னு கணக்கே சொல்லிடும், மண்ணுல எவ்வளவு ஈயம் இருந்தா மந்தையே அழிஞ்சுபோகும்னு ஒரு எல்லைக்கோடு இருக்கு, அதைத்தான் தேடறேன்ன. எனக்குப் பாதி ஏறல. ஆனா நாலு நாளைக்கு அந்த வட்டத்தை மிதிக்காம சுத்திச் சுத்திப் போனேன். கோழிதான் மிதிச்சு ஒரு அம்பை அழிச்சுடுச்சு. டீச்சரம்மா கணக்கையே திருத்தற அளவுக்குப் படிச்ச கோழின்னு சொன்னேன். ரெண்டு நாளு மூஞ்சைத் தூக்கி வச்சுக்கின.

அன்னிக்கு இன்னொண்ணு கேட்டேன். இந்த மூணு வட்டத்துல நான் எங்கடின்னு. மனுஷங்க இதுல வரமாட்டாங்க, வந்தா கணக்கு சிக்கலாயிடும்னு சொல்லிச் சிரிச்ச. நானும் சிரிச்சேன்.

அந்த எட்டு ஒம்பது மாசம் மாதிரி எனக்கு இனிமே வரப்போறதில்ல. ரெண்டு ஞாயித்துக்கிழமைக்கு ஒரு வாட்டி எடை. வேப்பங்கிளையில தராசைத் தொங்கவிட்டு, கோணிப்பையில நாலு ஓட்டை போட்டு, ஆட்டுக்கு நிக்கர் மாதிரி மாட்டித் தூக்குவோமே. நான் தூக்குவேன், நீ கண்ணாடியை ஏத்தி ஏத்தி முள்ளைப் படிப்ப. காதுல நம்பர் வில்லை குத்திட்டு, இனிமே பேரு சொல்லாத, நம்பர் சொல்லுன்ன. எனக்கு வாயில வருமா? விடிகாலையில கத்தறது சைரன். எல்லாத்தையும் முட்டித் தள்ளறது சூப்பர்வைசர். மந்தையில சேராம தனியா நின்னு எதையோ யோசிச்சுக்கினு இருக்கற செவலை ஆட்டுக்கு டீச்சர்னு பேரு வச்சேன். உனக்குக் கோவம் வரும்னு பாத்தா, ஏழாம் நம்பர்னு நோட்டுல எழுதிட்டு, பக்கத்துல சின்னதா டீச்சர்னும் எழுதின. நான் பாத்துட்டேன்.

ஆடி மாசம் மண்ணு ரிசல்ட்டு வந்துச்சு. ஈயம் கொட்டிக் கிடக்குன்ன. பஞ்சாயத்துல சொல்லி வேலி போட்டாங்க, ஊரு ஆடெல்லாம் வெளிய வந்துடுச்சு. என் ஆட்டையும் ஓட்டிடுன்னு நீ சொன்ன. ஒன்பது வருஷமா திங்காததையா இப்ப திங்கப் போகுது, உன் கணக்குக்குப் பன்னெண்டு ஆடாவது வேணாமான்னு நான்தான் விடாப்பிடியா நின்னேன். அரை மனசா ஒத்துக்கின. ஆனா ரெண்டு கட்டளை போட்ட. மேட்டுப் புல்லைத் தவிர அதுங்க வேற எதையும் மேயக்கூடாது. ரெண்டு ஆடு எளைச்சாலும் ஆராய்ச்சியை நிறுத்திட்டு மறுநாள் ரயில்ல கிளம்பிடுவேன். நான் வேப்பமரத்தைத் தொட்டு சத்தியம் பண்ணினேன்.

மதி, அந்தச் சத்தியத்தை நான் காப்பாத்தல.

ஆவணிக் கடைசியில டீச்சர் சினை. வயிறு எறங்குது, ஆனா முதுகெலும்பு துருத்திக்கினு நிக்குது. சினையா இருக்கற வாயில்லா ஜீவன் பட்டினிக் கண்ணோட பாத்தா எங்க பக்கத்துல எந்தப் பொம்பளையும் சும்மா இருக்க மாட்டா. செவ்வாயும் வெள்ளியும் நீ புல்லு மூட்டையைத் தூக்கிக்கினு சேத்தியாத்தோப்பு பஸ்ஸைப் புடிச்சு சிதம்பரத்துல பரிசோதனைக்குக் குடுக்கப் போவ. அதே நாள்லதான் பண்ருட்டி அப்துல் கபார் பாயோட பழ வேன் டவுன்ஷிப்புக்கு வரும். அவங்க வூட்டு சைபுன்னிசா அக்காவுக்கும் எனக்கும் பழைய பழக்கம். அவங்க பலாத்தோட்டத்துக்கு நான் புழுக்கை எருவு குடுப்பேன், அக்கா பலாத்தழை ரெண்டு கட்டு வேன்ல போட்டுவிடும். பலாத்தழைன்னா ஆட்டுக்கு அல்வா மாதிரி. மொதல்ல டீச்சருக்கு மட்டும் குடுத்தேன். மத்ததெல்லாம் பாத்துக்கினு நின்னுச்சு. அதுங்களுக்கும் குடுத்தேன். நீ மேயக்கூடாதுன்னுதானே சொன்ன, நான் கையால ஊட்டறது மேய்ச்சலா, அது வேற இது வேறன்னு எனக்கு நானே நியாயம் பேசிக்கினேன். சாயங்காலம் நீ வர்றதுக்குள்ள காம்பு குச்சியெல்லாம் அடுப்புக்குள்ள போயிடும். தை மாசம் பொங்கல் முடிஞ்சு நீ ரயிலேறற வரைக்கும் குடுத்தேன்.

எடை ஏறிச்சு. நீ முள்ளைப் பாத்த, ஆட்டைப் பாத்த, திரும்ப முள்ளைப் பாத்த. எனக்கு அந்தப் பழைய டாக்டரு ஞாபகம் வந்துச்சு. வாயை மூடிக்கினு ஆட்டைத் தூக்கினேன்.

மாசி மாசம் ஒருநாள் போன் பண்ணின. உன் குரலே வேற மாதிரி இருந்துச்சு. எளைக்கணும்னு கணக்கு சொல்லுது, ஆனா உன் ஆடு எளைக்கல கொடி, மாசக்கணக்கா இதுலதான் முட்டிக்கினு கிடந்தேன், இப்ப புரிஞ்சுபோச்சுன்ன. ஒன்பது வருஷமா அதையே தின்னு தின்னு அந்த ஆடுங்க உடம்புல ஈயத்தைத் தாங்கற சக்தி வந்திருக்கு, அந்தச் சக்தியையும் கணக்குல சேத்தா எல்லாம் அச்சா பொருந்துதுன்ன. அதுக்கு ஒரு எழுத்து வச்சிருக்கேன், இங்கிலீஷ்ல கே, கொடின்ற உன் பேரோட மொத எழுத்து, இனிமே உலகத்துல யாரு இந்தக் கணக்கைப் போட்டாலும் உன் பேரை எழுதித்தான் ஆகணும்னு சொல்லிட்டு நீ அழுத. உங்க அப்பா போனதுக்கு அப்புறம் நீ அவ்வளவு சந்தோஷமாப் பேசி நான் கேட்டதே இல்ல. அப்ப எப்படிச் சொல்லுவேன், அந்தக் கே வேற ஒண்ணும் இல்லடி, பண்ருட்டி பலாத்தழைன்னு?

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. சிரிப்பு வராத வேடிக்கை. நானே அதை நம்பிட்டேன். நெசமாத்தான் மதி. கம்ப்யூட்டர்ல போட்டு, டீச்சரே கண்டுபிடிச்சுச் சொல்றாளே, ஒருவேளை தழையே இல்லன்னாலும் என் ஆடுங்க தாங்கிக்குமோ என்னவோன்னு நெனச்சேன். என் பொய்யை நீ கணக்காக்கித் திருப்பிக் குடுத்த, நான் அதை வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கினேன். நிறுத்தின தழையைத் திரும்ப ஆரம்பிக்கவே இல்ல. நீ கிளம்பின அப்புறமும் மேட்டுலயேதான் வுட்டுக்கினு இருந்தேன், உன் ஆராய்ச்சி ஆடுன்னு யாரும் தடுக்கல.

வைகாசியில ரெண்டு ஆடு குறைக்குட்டி போட்டுச்சு. வெயிலுன்னு நெனச்சேன். ஆடியில டீச்சர் சுவத்துல போய் மோதிச்சு. கண்ணு தெரியல அதுக்கு. பல்லை நறநறன்னு கடிச்சுக்கினு வாசல்ல வட்டமா சுத்திச்சு, நீ கோலமாவு போட்ட அதே எடத்துல. மூணு நாளு. கால்நடை டாக்டரு வந்து எங்க மேய்ஞ்சுதுன்னு கேட்டாரு, சொன்னேன். ஈயம் ஏறின மாதிரிதான் இருக்கு, ரத்தம் எடுத்து அனுப்பினாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்னாரு. ஊசி எடுக்கறதுக்குள்ள என் மடியிலயே போயிடுச்சு. பதினோரு ஆடுன்னு மேல எழுதினப்பவே நீ கண்டுபிடிச்சிருப்ப. நீ கணக்கு டீச்சர்.

திங்கக்கிழமை.

இனி எழுதப்போறதுதான் அவசரம்.

நீ நல்ல மனசா நம்ம பஞ்சாயத்துக்குத் தமிழ்ல ரெண்டு பக்கம் அனுப்பினியே, இந்த மேட்டுல மேயற ஆடுங்க ஈயத்தைத் தாங்கப் பழகிடுச்சு, இப்ப இருக்கற அளவுக்கு மந்தைக்குப் பெரிய ஆபத்து தெரியலன்னு. ஆகஸ்டு பதினஞ்சு கிராம சபையில பழைய தலைவரு குமரவேல் அண்ணன் அதைச் சத்தமா வாசிச்சாரு. எல்லாரும் கை தட்டினாங்க. மழைக்கு முன்னாடி, ஐப்பசி ஒண்ணாம் தேதி வேலியைப் பிரிச்சுடலாம்னு முடிவாச்சு. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ஒரு வருஷமா தழைக்கு அலையறாங்க எல்லாரும்.

நான் எழுந்து நின்னேன். பலாத்தழைக் கதையை ஒண்ணு விடாம சொன்னேன். டீச்சர் செத்ததையும் சொன்னேன். சபையே சிரிச்சுது மதி. ஏப்ரல் ஒண்ணாம் தேதி தண்ணித் தொட்டியில முதலை விழுந்துடுச்சுன்னு ஊரையே கூட்டினவ நான்தானே. பத்து வருஷமா எல்லாரையும் கிண்டல் பண்ணிக்கினு திரிஞ்சவ, ஒருநாள் நெசம் பேசினா முகம் ஒத்துழைக்க மாட்டேங்குது. குமரவேல் அண்ணன் அந்தப் பேப்பரை என் முன்னாடி ஆட்டிக் காட்டி, "படிச்சவங்க உன் பேரையே கணக்குல போட்டிருக்காங்க, நீ இல்லன்றியா பொற்கொடி? உக்காரு, டீ வருது"ன்னாரு. டீயும் வந்துச்சு. குடிக்க முடியல.

பக்கத்து வூட்டு காந்திமதி ஒம்பது ஆடு வச்சிருக்கா. அவ மவ சத்யப்பிரியாவுக்கு மாட்டுப்பால் ஒத்துக்காது, சின்ன வயசுல இருந்து ஆட்டுப்பால்தான். இந்தத் தாளைக் கிழிச்சுக் குடுத்தவ அவதான். ஐப்பசி ஒண்ணாம் தேதி மொதல்ல ஓட்டிக்கினு போகப்போறது அவ அம்மாதான். அவ கிட்டயும் சொன்னேன். நீ மட்டும் அந்த மேட்டைத் தனியா அனுபவிக்கப் பாக்கறியாக்கான்னு கேட்டா. விளையாட்டாத்தான் கேட்டா. இருந்தாலும் கேட்டா. என் ஆடுங்களை நான் இப்ப வூட்லயே கட்டி வச்சு ரோட்டோரத் தழை ஒடிச்சுத்தான் போடறேன். அதைப் பாத்தும் யாரும் நம்பல.

இந்த ஊரு உன் எழுத்தைத்தான் நம்புது. உன் கல்லூரிப் பேரு போட்ட தாள்ல, ஐப்பசிக்குள்ள, அந்த மேட்டுல எதுவும் மேயக்கூடாது, நான் முன்னாடி எழுதினது தப்புன்னு நாலு வரி பஞ்சாயத்துக்கு எழுதிப் போடு. அந்தத் தப்பு யாரு பண்ணதுன்னும் எழுது. என் பேரையே எழுது. இந்த மாசக் கடைசியில உன் பெரிய புத்தகத்தை ஒப்படைக்கணும்னு சொன்னியே, கே-யை உருவிட்டா அதுல என்ன மிஞ்சும்னு எனக்குத் தெரியாது. ஒண்ணுமே மிஞ்சலன்னா அந்தப் பாவம் என்னுது. எந்தப் பெரிய மனுஷங்க முன்னாடி வேணும்னாலும் நான் வந்து நின்னு சொல்றேன், கவுகாத்திக்கு எத்தனை ரயில் மாறணும்னாலும் சரி.

இதோட நாப்பத்தியொரு காலண்டர் தாள் வச்சிருக்கேன். தெனசரி காலண்டர்ல கிழிச்சது. பின்பக்கம் பாரு. எந்த நாளு, எந்த ஆட்டுக்கு, எத்தனை பிடி தழைன்னு நம்பர் போட்டுக் குறிச்சிருக்கேன். யாருக்குக் குடுத்தோம், யாருக்கு விட்டுப்போச்சுன்னு கொழம்பக்கூடாதுன்னு ஆரம்பிச்சேன். பாதி உன்னால வந்த வியாதி, எதையும் எழுதி வைக்காம இருக்க முடியல. அரிசி டின் அடியில இருந்துச்சு. ஒரு பிடின்னா எவ்வளவு எடைன்னு நேத்து நம்ம தராசுல போட்டுப் பாத்து, மொதத் தாள்ல எழுதியிருக்கேன். தழையை நிறுத்தின அப்புறம் குறைக்குட்டி விழுந்த தேதி, டீச்சர் போன தேதி எல்லாம் கடைசித் தாள்ல. இதை வச்சு கணக்கைத் திருப்பிப் போட முடியுமான்னு உனக்குத்தான் தெரியும். எனக்குத் தோணறது ஒண்ணுதான். மூணு வட்டத்தோட நாலாவதா ஒண்ணு போடு. அதுல என்னை எழுது. அங்க இருந்து ஆட்டு வட்டத்துக்கு ஒரு அம்பு போடு. கணக்கு சிக்கலாயிடும்னு சொன்ன, ஏற்கனவே ஆயிடுச்சுடி.

இன்னும் ஒண்ணு பாக்கி. போன்ல சொல்ல வராதது இதுதான்.

டீச்சர் சினையா இருந்துச்சு, பாக்க முடியலன்னு மேல எழுதினது நெசம். ஆனா முழு நெசம் இல்ல. ரெண்டு ஆடு எளைச்சா மறுநாளே கிளம்பிடுவேன்னு நீ சொன்ன பாரு. அன்னிக்கு ராத்திரி நீ பக்கத்துப் பாய்ல படுத்து, நம்ம வகுப்பு அட்டென்டன்ஸ் பேருங்களை வரிசையா ஒப்பிச்சுக்கினு இருந்த, யாருக்கு அப்புறம் யாருன்னு. என் பேருக்கு அப்புறம் உன் பேரு வர்றதுக்குள்ள தூங்கிட்ட. நான் தூங்கல. ஆடு எளைக்கக்கூடாதுன்னு நெனச்சேன். அவ்வளவுதான் நெனச்சேன்.

கூழாங்கல்லு பொறுக்கினவளுக்கு இதுக்கு மேல விளக்க வேணாம்.

நீ கோவப்படு, திட்டு, பேசாம கூட இரு. எனக்குப் பதில் எழுதறது எப்ப வேணும்னாலும் இருக்கட்டும், பஞ்சாயத்துக்கு மட்டும் தள்ளிப் போட்டுடாத. வேலுடையான்பட்டு முருகன் கிட்ட உனக்காக வேண்டிக்கினு இருக்கேன். நீ டாக்டர் பட்டம் வாங்கணும், பலாத்தழை இல்லாத நல்ல கணக்கால வாங்கணும். அண்ணன் முட்டிக்கு நல்லெண்ணெய் சூடு பண்ணித் தடவு.

தராசு இன்னும் வேப்பங்கிளையிலதான் தொங்குது. எங்க வூட்டுக்காரரு எடுத்து உள்ள வைன்னு சொல்லிக்கினே இருக்காரு, எனக்குக் கழட்ட மனசு வரல. ஒரு நாளைக்கு வந்து எல்லாத்தையும் மறுபடி நிறுத்துப் பாரு மதி. இந்த வாட்டி இடுப்புல எதையும் சொருகாம நானும் ஏறி நிக்கறேன்.

மூணாவது வகுப்பு,
ரெண்டாவது பெஞ்சு, ஜன்னலோரம், உன் பக்கத்து எடம்,
பொற்கொடி.